வெயிலில் தொய்யாத ரயில் மின்கம்பி

காட்பாடியிலிருந்து குடியாத்தம், ஆம்பூர் வழியாக ஜோலார்பேட்டைக்குப் போகும் ரயில் பாதையில், சில கம்பங்களில் மட்டும் இரும்பு எடைகள் அடுக்கடுக்காகத் தொங்கும். அவை எதற்கு என்று கேட்டால், பதிலில் பாதி மின்சாரம், பாதி மீட்சித்தன்மை, அதாவது இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பும் குணம்.

மின்சாரத்தை முதலில் பார்த்துவிடலாம். பாதைக்கு மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மாறுமின்சாரம் ஓடுகிறது. 4,500 கிலோவாட் இழுக்கும் எஞ்சினுக்கு 180 ஆம்பியர் போதும். 1931இல் சென்னைக் கடற்கரை–தாம்பரம் பாதையில் கொடுத்ததுபோல 1,500 வோல்ட் கொடுத்தால் 3,000 ஆம்பியர் வேண்டும். கம்பியில் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், அதே கம்பியில் இழப்பு சுமார் 280 மடங்காகிவிடும். அதனால்தான் இங்கே 12.24 மி.மீ. விட்டமுள்ள செப்புக் கம்பியே தாக்குப்பிடிக்கிறது.

எஞ்சினின் கூரையிலிருந்து கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் பாண்டோகிராஃப் அந்தக் கம்பியை ஏறக்குறைய 7 கிலோ விசையுடன் மேலே தள்ளிக்கொண்டே ஓடுகிறது. நொடிப்பொழுது தொடர்பு விட்டாலும் தீப்பொறி பறந்து கம்பியையும், அதில் உரசும் பாண்டோகிராஃபின் கரிப்பட்டையையும் அரிக்கும். தொடர்பு விடாதிருக்கக் கம்பி விறைப்பாக இருக்க வேண்டும்.

இங்கேதான் மீட்சித்தன்மை வருகிறது. கம்பியின் குறுக்குப் பரப்பு 107 சதுர மி.மீ., இழுவிசை 1,000 கிலோ. அப்படியானால் தகைவு, அதாவது ஒவ்வொரு சதுர மி.மீ.யிலும் விழும் விசை, 92 மெகாபாஸ்கல். செம்பின் யங் குணகம், அதாவது நீளாமல் எதிர்க்கும் விறைப்பின் அளவு, சுமார் 1,20,000 மெகாபாஸ்கல். முன்னதைப் பின்னதால் வகுத்தால் திரிபு, அதாவது ஒரு மீட்டருக்கு எத்தனை மீட்டர் நீள்கிறது என்பது, 0.00076. கம்பித்துண்டு அதிகபட்சம் 1,500 மீட்டர். நடுவில் பிடித்துக் கட்டி, இரு முனையிலும் எடை தொங்கவிடுவார்கள். ஒரு பக்கத்து 750 மீட்டர் கம்பி, இழுவிசையால் மட்டும் 57 செ.மீ. நீண்டு நிற்கிறது. அந்த 57 செ.மீ.தான் விறைப்பு முழுவதும்.

வேலூர்ப் பக்கத்துக் கத்திரி வெயிலில், மின்னோட்டச் சூடும் சேர, கம்பி 35 டிகிரியிலிருந்து 65 வரை போனால் அதே 750 மீட்டர் 38 செ.மீ. விரியும். முனைகளை அசையாமல் கட்டியிருந்தால், 57இல் 38 போய்விடும். இழுவிசை ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகச் சரியும். கம்பியில் அலை ஓடும் வேகமும் மணிக்கு 365 கி.மீ.யிலிருந்து சுமார் 210க்கு இறங்கும். ரயிலின் வேகம் அலையின் வேகத்தை நெருங்க நெருங்க, பாண்டோகிராஃபுக்கு முன்னால் கம்பி புடைத்துக்கொண்டு துள்ளத் தொடங்கும்.

தொங்கும் எடை இதைத் தடுக்கிறது. தொடுகம்பிக்கும் அதைத் தாங்கும் மேல்கம்பிக்கும் சேர்த்து இழுவிசை 2,000 கிலோ. மூன்றுக்கு ஒன்று என்ற கப்பி அமைப்பில் 665 கிலோ எடையே அதைச் சமாளிக்கிறது. கம்பி 38 செ.மீ. விரிந்தால் எடை 115 செ.மீ. கீழே இறங்கும், மார்கழிக் குளிரில் மேலே ஏறும். மோட்டாரும் இல்லை, கட்டுப்பாட்டுப் பெட்டியும் இல்லை. இவ்வளவு எளிமையாக இவ்வளவு பெரிய வேலை செய்யும் அமைப்பு ரயில்வேயில் அபூர்வம்.

ஆனால் கப்பி துருப்பிடித்து இறுகினாலோ, அடியில் மண் குவிந்து எடை தரையைத் தொட்டாலோ, உச்சி வெயிலில் கம்பி தொய்ந்துவிடும். அதனால் பராமரிப்பு ஊழியர்கள் அன்றைய வெப்பநிலைக்கு எடை எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை அட்டவணையில் பார்த்து, அளந்து சரிசெய்கிறார்கள்.

தேய்மானம் வேறு கணக்கு. எடை மாறாததால் இழுவிசை அப்படியே இருக்கும். உரசி உரசிப் பரப்பு குறையக் குறையத் தகைவு ஏறும். ஐந்தில் ஒரு பங்கு தேய்ந்தாலே 92 என்பது 115 ஆகிவிடும். பிரதானப் பாதையில் கம்பியின் தடிமன் 8.25 மி.மீ.க்கு வந்ததும் கழற்றி மாற்றிவிடுகிறார்கள்.