ஏரித் தண்ணீர் பச்சை கட்டும் மாதம்

தை பிறந்து பத்து நாள் கழித்துப் பழவேற்காடு ஏரிக்குள் படகில் போனால், கார்த்திகையில் சேற்றுக் கலங்கலாகக் கிடந்த தண்ணீர் இளம்பச்சைக்கு மாறியிருக்கும். "தண்ணி பச்சை கட்டிடுச்சு தம்பி, இனி இறால் தேறும்" என்பார் ஆரம்பாக்கம் பக்கத்துப் பெரியவர் ஒருவர். அவர் சொல்வதன் பின்னால் பெரிய அறிவியலே இருக்கிறது.

அந்தப் பச்சை, கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகளின் நிறம். வேரும் இலையும் இல்லாத ஓரணுத் தாவரங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். உலகம் முழுக்க ஒளிச்சேர்க்கையால் உருவாகும் உணவில் ஏறக்குறைய பாதி இவற்றின் உழைப்பு. தண்ணீரில் துள்ளித் திரியும் நுண்ணிய ஓட்டுயிர்கள் இவற்றை மேய்கின்றன. அவற்றை இறால் குஞ்சும் மீன் குஞ்சும் தின்கின்றன.

குளிர்நாடுகளில் இந்தப் பாசிகளுக்குப் பருவம் வகுப்பது வெயில். பனிக்காலம் முடிந்து வெளிச்சம் கூடினால் கடல் பச்சையாகும். நமக்கு வெயிலுக்கு என்றைக்குமே பஞ்சம் இல்லை. அப்படியிருந்தும் ஏரி ஏன் மாதத்துக்கு மாதம் நிறம் மாறுகிறது? நம் பக்கத்தில் உப்பும் கலங்கலும்தான் பாசிக்குப் பஞ்சாங்கம்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. ஆரணியாறும் காளங்கியும் மண்ணை அள்ளிக்கொண்டு ஏரியில் விழுகின்றன. சோற்றுத் தட்டு அளவு வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினால், முழங்கை ஆழம் போவதற்குள் மறைந்துவிடும். ஏறக்குறைய அதன் இரண்டு, மூன்று மடங்கு ஆழத்துக்குக் கீழே பாசிக்குப் போதிய வெளிச்சம் இல்லை. கடல் உப்புக்குப் பழகிய உயிரணுக்கள் நன்னீரில் ஊதி வெடிக்கின்றன. எஞ்சியவற்றையும், அவை பெருகும் வேகத்தைவிட வேகமாக, வெள்ளம் முகத்துவாரம் வழியே கடலுக்குத் தள்ளிவிடுகிறது. எரு நிறைந்த தண்ணீர்தான், ஆனால் விளைச்சல் இல்லாத மாதம் அது.

மழை ஓய்ந்து வண்டல் படிந்ததும் நிலைமை தலைகீழாகிறது. வெள்ளம் விட்டுப்போன நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அப்படியே இருக்கின்றன. கரையோர அலையாத்திகளின் உதிர்ந்த இலைகள் மக்கி, சேறும் தன் பங்குக்கு எருவைக் கசியவிடுகிறது. கூடவே பாறை கரைந்து ஆற்றில் வந்த சிலிக்கேட்டும் இருக்கிறது. இந்தச் சிலிக்கேட்டுக்காகவே காத்திருந்ததுபோல் முதலில் பெருகுபவை டயாட்டங்கள் என்ற பாசி வகை.

டயாட்டத்தை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் அதை லேசில் மறக்க மாட்டார்கள். அதன் ஓடு, சிலிக்கேட்டைக் கொண்டு அது கட்டும் கண்ணாடியால் ஆனது. நம் வீட்டுச் சம்புடம் மாதிரி பெரிய மூடி ஒன்று, அதற்குள் பொருந்தும் அடிப்பாகம் ஒன்று. உயிரணு இரண்டாகப் பிரியும்போது ஆளுக்கு ஒரு பாதியை எடுத்துக்கொள்கின்றன. எடுத்த பாதியை இரண்டுமே மூடியாக வைத்து, உள்ளே பொருந்தும் புது அடிப்பாகத்தைச் செய்துகொள்கின்றன. ஆக, மூடியைப் பெற்ற பிள்ளை தாயின் அளவே இருக்கும், அடிப்பாகத்தைப் பெற்ற பிள்ளையோ ஒரு சுற்றுச் சிறுத்திருக்கும். தலைமுறை தலைமுறையாக இப்படிச் சிறுத்துக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் ஓட்டை உதறி, பாலினப் பெருக்கத்தில் இறங்கி, ஊதிப் பெருத்து மீண்டும் பழைய அளவுக்கு வருகின்றன. நாளுக்கு ஒருமுறை பிரிந்தால் 10 நாளில் ஒன்று 1,024 ஆகும். பெரியவர் கண்ட பச்சை இந்தக் கணக்கின் பச்சைதான்.

மேற்குக் கரையில் கதை வேறு. கேரளக் கடலில் தென்மேற்குப் பருவக் காலத்தில் ஆழத்துக் குளிர்ந்த நீர் எருவோடு மேலே எழும்புவதால், அங்கே மழைக்காலமே பாசிக்கு அறுவடைக் காலம். மத்தி மீன் கரையை நெருங்குவதற்கும் அதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

நம் கரையில் சித்திரை, வைகாசியில் இன்னொரு திருப்பம். பிச்சாவரம், வெள்ளாற்றுக் கழிமுகம் போன்ற இடங்களில் பாசிகளின் எண்ணிக்கை உச்சத்துக்குப் போவது கோடையில்தான். தண்ணீர் தெளிவு, உப்பு நிலையானது. பழவேற்காட்டின் கோடை இன்னும் கடுமையானது. ஆழம் குறைந்த ஏரி இது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் கடலின் தொடர்பு அறுந்து, வெயிலில் வற்றி, உப்பு கடல்நீரையே தாண்டிவிடும். சிலிக்கேட்டும் தீர்ந்திருந்தால் டயாட்டங்களுக்கு ஓடு கட்டப் பொருள் இல்லை. உப்பையும் சூட்டையும் தாங்கும் நீலப்பச்சைப் பாசிகள் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. எண்ணிக்கை குறையாமல் இருந்தாலும் மேய்பவர்களுக்கு அது டயாட்டத்தைப் போல நல்ல சாப்பாடு அல்ல. அதனால்தான் வானம் பொய்த்த ஆண்டை, மீனவர்களுக்கும் பஞ்ச ஆண்டு என்று நான் நினைக்கிறேன். ஆறு வராவிட்டால் சிலிக்கேட்டும் வராது, முகத்துவாரத்து மணலைத் தள்ளும் வெள்ளமும் வராது.

ஏரியையும் கடலையும் பிரித்து நிற்பது ஸ்ரீஹரிகோட்டா. கடலின் நிறத்தை வைத்துப் பாசியை அளந்த ஓஷன்சாட்-1 செயற்கைக்கோள், 1999 மே 26 அன்று அங்கிருந்துதான் விண்ணுக்குப் போனது. இத்தகைய செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு, மீன் கிடைக்க வாய்ப்புள்ள கடற்பகுதிகளை ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் மீனவர்களுக்கு அறிவிக்கிறது. ஆழ்கடலில் பச்சை என்றால் பெரும்பாலும் பாசிதான். ஏரியிலோ சேற்றின் நிறமும், மக்கிய இலையின் சாயமும், அடித்தரையின் நிறமும் கலந்தே மேலே தெரிகின்றன. ராக்கெட் கிளம்பும் தீவின் காலடியில் கிடக்கும் இந்தத் தண்ணீரில் என்ன பாசி இருக்கிறது என்று அறிய, இன்றும் படகில் போய் ஒரு பாட்டிலில் மொண்டு வரத்தான் வேண்டும்.