முட்டுச்சந்தும் ‘அபட்’ என்னும் ஆங்கில வினையும்

திருவல்லிக்கேணியிலும் ஜார்ஜ் டவுனிலும் உள்ள பழைய வீடுகளின் பத்திரங்களைப் படித்தவர்களுக்கு அவற்றின் மனை அமைப்பு நன்கு பழகியிருக்கும். தெருவைத் தொடும் முகப்பு குறுகலாக இருக்கும். மனை பின்னோக்கி நீண்டு செல்லும். பக்கத்துச் சுவர் பல வீடுகளில் அண்டை வீட்டாருடன் பொதுச்சுவராகவே இருக்கும். பத்திரத்தில் சக்குபந்தி, அதாவது மனையின் எல்லை விவரம், எழுதும்போது நாம் நான்கெல்லையையும் ஒரே தரத்தில் வைத்து, வடக்கே இன்னார் வீடு, தெற்கே தெரு என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலேயரின் பழைய நில ஆவணங்களிலோ குறுகிய முனை தொடும் எல்லைக்கு ஒரு சொல்லும், நீண்ட பக்கம் தொடும் எல்லைக்கு வேறொரு சொல்லும் வழங்கின. அவற்றுள் முனை தொடுவதைக் குறிக்கும் வினையே ‘அபட்’.

இங்கிலாந்தின் இடைக்கால வயல்கள் நீண்ட கீற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. கீற்றின் நெடும்பக்கங்கள் அடுத்தவர் கீற்றுகளை ஒட்டி ஓடும். அதன் இரு முனைகளும் பாதையிலோ வேறொரு வயலின் குறுக்கிலோ போய் நிற்கும். முனையெல்லைகளுக்கு ‘பட்ஸ்’ என்றும் பக்கவெல்லைகளுக்கு ‘பவுண்ட்ஸ்’ என்றும் பெயர். இன்றைய ஆங்கிலத்தில் இந்த நுட்பம் மங்கிவிட்டாலும், சுவரோ மனையோ இன்னொன்றை இடைவெளியின்றித் தொடும்போதுதான் ‘அபட்’ பொருந்தும் என்ற உணர்வு இன்னும் இருக்கிறது. ‘அட்ஜசன்ட்’ என்பதற்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதன் லத்தீன் மூலத்துக்கு ‘அருகில் கிடப்பது’ என்பதே பொருள். இடையில் சந்து இருந்தாலும் அது செல்லும். சென்னையில் வீடு கட்ட அனுமதி கேட்பவர்கள் ‘அபட்டிங் ரோடு’ என்ற தொடரைக் கட்டாயம் சந்திப்பார்கள். மனை எந்தச் சாலையைத் தொடுகிறதோ, அந்தச் சாலையின் அகலத்தைப் பொறுத்தே கட்டடத்தின் உயரம் முதலியவை தீர்மானிக்கப்படுகின்றன.

இந்த வினை, 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் ஆங்கிலத்துக்குள் பெருகிய பிரெஞ்சுச் சொற்களில் ஒன்று. பழைய பிரெஞ்சில் ‘பூத்தே’ என்றால் இடித்தல், தள்ளுதல். அதன் வேர் ஜெர்மானிய மொழிகளைச் சேர்ந்தது. அதனோடு உறவுடைய ‘பூ’ என்ற பெயர்ச்சொல்லுக்கு முனை என்று பொருள். இடிப்பது எப்போதும் ஒரு பொருளின் முனைதான் என்பதால், செயலின் பெயரும் முனையின் பெயரும் ஒரே குடும்பத்தில் அமைந்தன. அதன் முன்னால் ‘நோக்கி’ என்னும் பொருள் தரும் ‘அ’ சேர்ந்தபோது, முனையோடு முனை சேர்தல் என்ற பொருள் பிறந்தது. ஆடு முட்டுவதைச் சொல்லும் ஆங்கில ‘பட்’, எதிர்வாதத்தைத் தள்ளுவதைச் சொல்லும் ‘ரீபட்’, துணியைத் தள்ளிக்கொண்டு வெளிவரும் ‘பட்டன்’ ஆகியவையும் இதே குடும்பத்தவை. ‘ஆனால்’ என்று பொருள்படும் ‘பட்’ மட்டும் இந்த வீட்டுப் பிள்ளை இல்லை. அது வெளியே என்று பொருள்பட்ட ஒரு பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது.

இந்த வரலாற்றைப் படிக்கும் தமிழருக்கு ‘முட்டு’ நினைவுக்கு வராமல் இருக்காது. ஆடும் முட்டுகிறது, தெருவும் சுவரில் போய் முட்டி முட்டுச்சந்தாகிறது, சாயும் சுவருக்கும் முட்டுக் கொடுக்கிறோம். இடித்தல், முனை தொடுதல், தாங்குதல் ஆகிய மூன்று பொருளும் ஒரே சொல்லில் இருக்கின்றன. தெரு நேராக வந்து மோதும் மனையைத் ‘தெருக்குத்து’ என்று சொல்லி, அங்கே சுவரோரம் ஒரு பிள்ளையாரை வைக்கும் சென்னை வழக்கத்திலும், எல்லை தொடுவது ஓர் இடியாகவே உணரப்படுகிறது. இதைக் கொண்டு தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் வேர்த்தொடர்பு காட்ட முயல்வது தவறு. சொற்கள் உறவுடையவை என்று சொல்ல, பல சொற்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் ஒலி ஒழுங்கு வேண்டும். பொருள் ஒத்திருப்பது மட்டும் போதாது. இரு மொழியினரும் தம் உடலால் அறிந்த ஒரே அனுபவத்திலிருந்து தனித்தனியே ஒரே வழியில் நடந்திருக்கிறார்கள் என்பதுதான் இங்கே சொல்லத்தக்கது. எனக்கு இது வேர்த்தொடர்பைவிடப் பெரிய வியப்பைத் தருகிறது.

தாங்குதல் என்ற மூன்றாம் பொருள் ஆங்கிலத்தில் ‘அபட்மென்ட்’ என்ற சொல்லில் வாழ்கிறது. பாலத்தின் இரு கரைகளிலும் அதன் முனைகளை ஏந்தி நிற்கும் கட்டுமானத்தைப் பொறியாளர்கள் அப்படி அழைக்கிறார்கள். கல்வளைவுப் பாலத்தில் வளைவின் கால்கள் கீழ்நோக்கி அழுத்துவதோடு பக்கவாட்டிலும் வெளியே தள்ளும். அந்தத் தள்ளலை எதிர்த்து நிற்பதுதான் அபட்மென்டின் பெரிய வேலை. கூவத்தின் மேல் நிற்கும் நேப்பியர் பாலத்தின் வளைவுகளோ சாலைக்கு மேலே எழும்பியவை. வில்லின் இரு நுனிகளை நாண் இழுத்துப் பிடிப்பதுபோல, சாலை மட்டத்தில் உள்ள இணைப்பு ஒவ்வொரு வளைவின் இரு முனைகளையும் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. அதனால் பக்கவாட்டுத் தள்ளல் வளைவுக்குள்ளேயே அடங்கிவிட, அடியில் உள்ள தாங்கிகள் பெரும்பாலும் எடையை மட்டுமே சுமக்கின்றன.