‘வாடிக்கையாளர்’ என்றால் யார்?

புதிதாகத் தரவுத்தளம் (டேட்டாபேஸ்) அமைத்துக் கொடுக்கச் சொல்லி ஒரு நிறுவனம் கூப்பிட்டால், முதல் வாரம் நான் மடிக்கணினியைத் திறப்பதே அபூர்வம். நோட்டும் பேனாவுமாக மேசை மேசையாகப் போய் ஒரே கேள்வியைக் கேட்பேன்: “உங்களுக்கு மொத்தம் எத்தனை வாடிக்கையாளர்கள்?”

ஒருமுறை விற்பனைப் பிரிவு ஒரு எண்ணைச் சொன்னது. கணக்குப் பிரிவு சொன்னது ஏறக்குறைய அதில் பாதி. சேவைப் பிரிவின் எண் இரண்டோடும் ஒட்டவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. விலை விசாரித்துவிட்டுப் போனவர்கூட விற்பனையாளருக்கு வாடிக்கையாளர்தான். கணக்கருக்கோ, பில் போடாதவர் கணக்கிலேயே கிடையாது. சேவைப் பிரிவினர் ஒரே கம்பெனியின் ஐந்து கிளைகளை ஐந்து பேராக எண்ணிக்கொண்டிருந்தார்கள். மாதக் கூட்டங்களில் அறிக்கைகள் ஏன் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன என்பது அன்றைக்குத்தான் மேலாளருக்கு விளங்கியது. அந்த ஒரு சொல்லுக்குப் பொருள் முடிவாக இரண்டு வாரம் பிடித்தது. தரவை வைக்கும் அட்டவணைகளை, அதாவது டேபிள்களை, உருவாக்கும் வேலை இரண்டே நாளில் முடிந்துவிட்டது.

எந்தத் தரவுத்தள மென்பொருள், ஆரக்கிளா, மை எஸ்.க்யூ.எல்.லா, போஸ்ட்கிரஸா என்பதுதான் பெரும்பாலும் முதல் கூட்டத்தின் முதல் கேள்வி. நான் அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். எதை எடுத்தாலும் ஒரு நடுத்தர நிறுவனத்தின் வேலையைத் தாங்கும். தாங்காதது, சொற்களில் உள்ள குழப்பம்.

அடுத்து வழக்கமாக வரும் கேள்வி: “எக்செல்லிலேயே எல்லாம் ஓடுகிறதே, தரவுத்தளம் எதற்கு?” நியாயமான கேள்விதான். கணக்குப் போட்டுப் பார்க்க எக்செல்லை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அது எதையும் மறுக்காது. தொகை எழுத வேண்டிய கட்டத்தில் “நாளை தருவதாகச் சொன்னார்” என்று எழுதினாலும் வாங்கிக்கொள்ளும். நான் உண்மையிலேயே பார்த்த கட்டம் அது. பழைய எக்செல் கோப்பு வடிவம் 65,536 வரிசைகளுக்கு மேல் ஏற்காது. இப்போதைய வடிவத்துக்கும் 10,48,576 என்ற எல்லை உண்டு. 2020இல் இங்கிலாந்தில் கொரோனா பரிசோதனை முடிவுகளைத் திரட்டியபோது இந்தப் பழைய வடிவம் இடையில் நுழைந்துவிட்டது. எல்லைக்கு மேல் போன வரிசைகள் உள்ளே வராமலே நின்றுவிட, செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுகள் தினசரிக் கணக்கில் விடுபட்டன. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் தாமதமாகியது.

தரவுத்தளத்தின் பெருமையே அது ‘முடியாது’ என்று சொல்வதில்தான் இருக்கிறது. தொகை இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து வந்தால் மறுக்கும். பதிவிலேயே இல்லாத வாடிக்கையாளரின் பெயரில் ஆர்டர் போட்டால் மறுக்கும். ஆனால் எதை மறுக்க வேண்டும் என்பதை நாம்தான் முதலில் சொல்லிவைக்க வேண்டும். சொல்லாவிட்டால் அதுவும் விலை கூடிய எக்செல்தான்.

இன்று நிறுவனங்களில் பெரும்பாலும் ஓடுவது உறவுசார் தரவுத்தளம், அதாவது தரவை அட்டவணைகளாக வைக்கும் வகை. ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் 1970இல் இதற்கான அடிப்படையை ஒரு கட்டுரையாக எழுதினார். அதற்கு முன்பு, தரவு எந்த வழியில் கோத்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதை நிரலே தெரிந்து வைத்திருக்க வேண்டும். அடுக்கு மாறினால் நிரலையும் மாற்றி எழுத வேண்டும். தரவைச் சாதாரண அட்டவணைகளாகப் பாருங்கள், எது வேண்டும் என்று மட்டும் கேளுங்கள், எப்படித் தேடுவது என்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளட்டும் என்றார் காட். அப்படிக் கேட்பதற்கான மொழியை 1974இல் அதே நிறுவனத்தின் சேம்பர்லினும் பாய்ஸும் ‘சீக்வெல்’ என்ற பெயரில் வெளியிட்டார்கள். அதுதான் இன்றைய எஸ்.க்யூ.எல்.

சொற்கள் முடிவானதும் படம் வரைவோம். வாடிக்கையாளர் ஒரு பெட்டி, ஆர்டர் ஒரு பெட்டி, பொருள் ஒரு பெட்டி, நடுவில் கோடுகள். 1976இல் பீட்டர் சென் முன்வைத்த முறை இது. இதைக் கரும்பலகையிலோ காகிதத்திலோ வரைவதையே நான் விரும்புவேன். திரையில் அழகாக வரைந்து காட்டினால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். காகிதத்தில் கோணல்மாணலாக இருந்தால்தான் கிடங்குப் பொறுப்பாளர் தைரியமாகப் பேனாவை வாங்கி, “ஒரு ஆர்டரை இரண்டு லாரியில் அனுப்புவோமே, அது எங்கே?” என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியில் புதிதாக ஒரு டேபிள் பிறக்கும். மேலதிகாரிகளிடம் மட்டும் கேட்டு வடிவமைத்திருந்தால் அது ஆறு மாதம் கழித்து, லாரி கிளம்பும் நேரத்தில்தான் தெரிந்திருக்கும்.

ஒரு செய்தி ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது அடுத்த விதி. முகவரியை ஒவ்வொரு பில்லிலும் தனித்தனியாகச் சேமித்தால், வீடு மாறியவருக்கு ஐந்து முகவரி இருக்கும், எது சரி என்று யாருக்கும் தெரியாது. அதேசமயம், போன வருடம் போட்ட பில்லில் அன்றைய முகவரிதான் இருக்க வேண்டும் என்று கணக்காளர் வாதாடுவார். அவர் சொல்வதும் சரி. இது பாடப்புத்தக விதியை மீறுவது ஆகாது. ‘இப்போதைய முகவரி’, ‘பில் போட்ட நாளின் முகவரி’ என்று அவை இரண்டு வேறு செய்திகள்.

என்னுடைய தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மருத்துவமனைக்கு நோயாளிகள் டேபிளை வடிவமைத்தபோது, தொலைபேசி எண்ணையே பிரைமரி கீயாக, அதாவது ஒவ்வொருவரின் பதிவையும் தனியாக அடையாளம் காட்டும் சாவியாக, வைத்தேன். எல்லோரிடமும் இருக்கிறது, எல்லோருக்கும் வேறு வேறு, நினைவிலும் நிற்கும் என்று கணக்குப் போட்டேன். ஒரே மாதத்தில் தாயும் மகளும் ஒரே எண்ணோடு வந்து நின்றார்கள். அவசரத்துக்கு வரவேற்பில் இருந்தவர் மகளின் விவரத்தைத் தாயின் பதிவிலேயே ஏற்றிவிட்டார். மருத்துவர் கவனித்ததால் வேறு விபரீதம் இல்லை. அன்றிலிருந்து, மாறக்கூடிய, பகிரக்கூடிய எதையும் நான் சாவியாக வைப்பதில்லை. அர்த்தமே இல்லாத ஒரு வரிசை எண் போதும்.

பழைய தரவைப் புதிய இடத்துக்கு மாற்றும் மைக்ரேஷன் வேலைக்கு எல்லோரும் ஒரு வாரம் ஒதுக்குவார்கள். நான் மொத்தக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கேட்பேன், முகம் சுளிப்பார்கள். 03/04 என்பது மார்ச் 4ஆ, ஏப்ரல் 3ஆ? பிறந்த தேதிக்குப் பதில் ‘வயது 42’ என்று இருக்கிறது; எந்த வருடத்தில் 42? ஒரே மனிதர் நான்கு எழுத்துக்கூட்டலில் நான்கு பேராக இருப்பார். இவற்றை நிரல் தானாகத் தீர்க்காது. பழைய ஊழியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, “இது அவரேதான், இது அவருடைய தம்பி” என்று சொன்னால்தான் தீரும்.

யார் எதைப் பார்க்கலாம், யார் மாற்றலாம் என்ற அனுமதிகளை முதல் நாளே பிரித்துவிடுங்கள். ‘இப்போதைக்கு எல்லோருக்கும் கொடுப்போம்’ என்று கொடுத்ததை யாரும் திரும்ப வாங்கி நான் பார்த்ததில்லை. உண்மையான தரவில் கைவைக்கும் முன்பு, எத்தனை வரிசைகள் மாறப்போகின்றன என்று அதே நிபந்தனையோடு ஒரு செலக்ட் (தரவை எடுத்துக் காட்ட மட்டும் செய்யும் கட்டளை) போட்டுப் பாருங்கள். பிறகு, மொத்தமாக ஏற்கவோ கைவிடவோ முடிகிற டிரான்சாக்‌ஷனைத் தொடங்கி மாற்றுங்கள், எண்ணிக்கை பொருந்தினால் மட்டும் கமிட் செய்து மாற்றத்தை உறுதியாக்குங்கள், இல்லையென்றால் ரோல்பேக் செய்து பழைய நிலைக்கே திரும்புங்கள். தரவை மாற்றும் அப்டேட் கட்டளையில், எந்த வரிசைகளை என்று சொல்லும் ‘வேர்’ (where) நிபந்தனையை மறந்து மொத்த டேபிளையும் மாற்றிவிட்டு வியர்த்துப்போகாதவர் எங்கள் தொழிலில் குறைவு.

பேக்கப் பற்றிக் கேட்டால் எல்லா நிறுவனமும் ‘எடுக்கிறோம்’ என்றே சொல்லும். ‘கடைசியாக எப்போது அதிலிருந்து மீட்டுப் பார்த்தீர்கள்?’ என்று கேட்டால் அறை அமைதியாகிவிடும். 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துவைக்கும் இணையதளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் தரவை அழித்துவிட்டார். பேக்கப்புக்கும் நகலெடுப்புக்கும் அவர்களிடம் ஐந்து வழிகள் இருந்தன. தேவைப்பட்ட அன்று எதையும் நம்ப முடியவில்லை. சுமார் ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்துவைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. நடந்ததை ஒளிக்காமல் அவர்களே வெளியிட்டார்கள். படித்த நாளிலிருந்து மாதம் ஒருமுறை காலி சர்வர் ஒன்றில் பேக்கப்பை மீட்டுப் பார்க்கிறேன்.

அந்த முதல் நிறுவனத்துக்குப் போன மாதம் மறுபடி போயிருந்தேன். சந்தா முறை தொடங்கப்போகிறார்களாம். சேவைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த பெண் தயங்கியபடி கேட்டார்: “சார், சந்தாவைப் பாதியில் நிறுத்தியவர் நமக்கு வாடிக்கையாளரா, இல்லையா?” பழைய நோட்டை எடுத்து, விற்பனைப் பிரிவையும் கணக்குப் பிரிவையும் கூப்பிடச் சொன்னேன்.