செல்ஃப் அடிப்பதற்கு முன் பிரேக்கைப் பாருங்கள்

பழைய கார்களைத் திரும்ப ஓட வைக்கிற வேலையில் 25 வருடங்களைத் தாண்டிவிட்டேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இது தொழில் கிடையாது. அப்பா ஓட்டிய கார், தாத்தா ஆசையாக வாங்கிய கார், சின்ன வயதில் தெருவில் நின்று வேடிக்கை பார்த்த கார் என்று ஏதாவது ஒன்று மனதில் ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கோ ஒரு ஷெட்டில் அதைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்துவிடுவார்கள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர்களை வீட்டுக்குள் தேட வேண்டியதில்லை, காருக்கு அடியில்தான் இருப்பார்கள். இவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். இவர்களில் யாருக்கும் எதுவும் ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் போன் செய்தார். 14 வருடம் ஷெட்டில் நின்ற அப்பாவின் கார். புது பேட்டரி மாட்டி, கார்ப்பரேட்டரில் கொஞ்சம் பெட்ரோல் விட்டு, செல்ஃப் அடித்திருக்கிறார். நாலாவது தடவையில் இன்ஜின் பிடித்துவிட்டது. “அண்ணே, அப்படியே அந்தப் பழைய சத்தம்” என்று சொல்லும்போதே அவர் குரல் கம்மியது. அந்தச் சந்தோஷத்தில் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு காரை வெளியே எடுத்திருக்கிறார். தெரு சரிவாக இறங்குகிற இடத்தில் பிரேக்கை மிதித்தால் பெடல் தரையில் போய் உட்கார்ந்துவிட்டது. கை பிரேக்கும் பிடிக்கவில்லை. மதில் சுவரில் உரசித்தான் கார் நின்றது. இருவருக்கும் அடி இல்லை, மட்கார்டு மட்டும் நசுங்கியது. அவர் எனக்கு போன் செய்தது மட்கார்டைச் சரிசெய்யச் சொல்லி.

கார் பட்டறைக்கு வந்ததும் நான் மட்கார்டைத் தொடவில்லை. சக்கரத்தைக் கழற்றி, டிரம்மை எடுத்து, சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் நெம்பினேன். செங்கல் பொடியைத் தண்ணீரில் குழைத்த மாதிரி ஒரு சேறு வந்தது. பிரேக் ஆயிலின் மிச்சம் அதுதான். உள்ளே பிஸ்டன் துருவோடு துருவாக ஒட்டிக்கிடந்தது. பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளிவிடும் மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்தால் ரப்பர் கப்பின் விளிம்பு நகத்தால் கீறினாலே உதிர்ந்தது. முன் சக்கரத்துக்குப் போகும் ஹோஸ் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பிளேடால் குறுக்கே வெட்டிக் காட்டினேன். உட்பக்க ரப்பர் உப்பிப்போய், நடுவில் ஒரு குண்டூசி நுழைகிற அளவுக்குத்தான் துளை இருந்தது. அவர் அந்தத் துண்டைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இது அந்த ஒரு காரின் கதை மட்டும் இல்லை. பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. கார் ஓடினாலும் நின்றாலும் உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140க்கு இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230லிருந்து 155க்கு. மலை இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அந்த ஆயில் கொதித்து ஆவியானால், நீங்கள் மிதிப்பது காற்றைத்தான். அதே ஈரம் உள்ளே துருவையும் உண்டாக்கும். அதனால்தான் கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் 2 வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றி, குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றச் சொல்கிறோம். சிலிக்கோனில் செய்த டாட் 5 வேறு ஜாதி. அதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இன்றைய கார்களில் பிரேக் குழாய் இரண்டு தனித்தனி வழியாகப் போகும், ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும். அமெரிக்காவில் 1968ல்தான் இது கட்டாயமானது. அதற்கு முந்தைய கார்களில் பெரும்பாலும் ஒரே வழிதான். எங்கே ஒரு கப் கிழிந்தாலும் நான்கு சக்கரமும் கைவிட்டுவிடும். ஆகவே ஷெட்டிலிருந்து எடுத்த காரில் பிரேக்கின் ரப்பர் அத்தனையையும், ஹோஸ் அத்தனையையும் பார்க்காமலே மாற்றிவிடுங்கள். “நல்லாத்தானே இருக்கு” என்ற பேச்சே இங்கே வேண்டாம்.

1888 ஆகஸ்டில், காரை உருவாக்கிய கார்ல் பென்ஸின் மனைவி பெர்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களோடு ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை, நூறு கிலோமீட்டருக்கும் மேல் கார் ஓட்டிப் போனார். உலகின் முதல் நீண்ட கார் பயணம் அதுதான். இறக்கங்களில் பிரேக் கட்டை தேய்ந்துபோக, வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து அதன்மேல் தோலை அடித்து வாங்கிக்கொண்டாராம். பிரேக் லைனிங், அதாவது பிரேக் கட்டையின்மேல் தேய்வதற்கென்றே ஒட்டும் பட்டை, பிறந்த கதை இது. கார் என்று ஒன்று வந்த உடனேயே, நிறுத்துவதைப் பற்றி யோசித்தவர் அதை ஓட்டிய அந்தப் பெண்மணிதான்.

லைனிங் என்றதும் எனக்கு மனது பதறுகிற இடத்துக்கு வருகிறேன். பழைய பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், சில கேஸ்கட்டுகள் எல்லாவற்றிலும் ஆஸ்பெஸ்டாஸ் என்ற கல்நார் இழை இருந்தது. நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் டிரம்மைக் கழற்றியதும் ஏர் கன்னை எடுத்து ஊதுவோம். பட்டறை முழுக்கப் புகை மாதிரி தூசி பறக்கும். அதற்குள்ளேயே நின்று பேசிக்கொண்டிருப்போம். அந்த இழைகள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வருவது கஷ்டம். அது கொண்டுவரும் புற்றுநோய் தலைகாட்ட 20 வருடம் ஆகலாம், 40 வருடமும் ஆகலாம். அதனால்தான் அன்று யாருக்கும் பயம் வரவில்லை. டிரம்மை ஒருபோதும் காற்றால் ஊதாதீர்கள், உலர்ந்த பிரஷ்ஷாலும் தட்டாதீர்கள். தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கலந்து தெளித்து, நனைந்த துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி, உங்கள் ஊரில் அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் சேருங்கள். துகளைத் தடுக்கும் தரமான முகக்கவசம் வேண்டும், சாதாரணத் துணி மாஸ்க் உதவாது. வேலை செய்த உடையோடு குழந்தையைத் தூக்காதீர்கள். பெட்டி பிரிக்காத பழைய பிரேக் ஷூ கிடைத்தது என்று சந்தோஷமாகக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. அதிலும் இதுதான் இருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத புது லைனிங் ஒட்டித் தர ஆட்கள் இருக்கிறார்கள், அதைச் செய்யுங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்ட் வைத்து, காரை ஒருமுறை அசைத்துப் பார்த்த பிறகு போங்கள். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

பெட்ரோல் டேங்க்கில் ஓட்டை என்றால் நீங்களே வெல்டிங் வைக்க நினைக்காதீர்கள். நிறைந்த டேங்க்கை விடக் காலி டேங்க்தான் ஆபத்து, உள்ளே ஆவி நிறைந்திருக்கும். வருடக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் நம்பக் கூடாது. அதே மாதிரி, குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் வைத்தால் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும். அப்புறம், ஷெட்டைச் சாத்திக்கொண்டு இன்ஜினை ஓட விட்டு டியூனிங் பார்க்கிற பழக்கம். பழைய இன்ஜின் விடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தலை சுற்றுகிறது என்று உணரும்போது எழுந்து போகக் காலில் பலம் இருக்காது.

சரி, பிரேக் முடிந்தது. இப்போது இன்ஜின். உடனே செல்ஃப் அடிக்க வேண்டாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு, இரண்டு நாள் ஊற விடுங்கள். பிறகு கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். கிராங்க் ஹேண்டில் போடுகிற கார் என்றால் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடியுங்கள், சுற்றிப் பிடிக்காதீர்கள். இன்ஜின் திருப்பி அடித்தால் கட்டைவிரல்தான் முதலில் போகும்.

பழைய பெட்ரோலை முழுவதும் இறக்கிவிடுங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் அந்தக் காலத்து ரப்பர் குழாயையும் பம்ப் டயஃப்ரமையும் அரிக்கும், ஈரத்தையும் சேர்த்து இழுக்கும். எத்தனால் தாங்கும் குழாய்களை மாற்றுவது ஒரு மத்தியான வேலை. சூடான இன்ஜின்மேல் சொட்டுகிற பெட்ரோல்தான் நான் பார்த்த பழைய கார் தீ விபத்துகளில் பாதிக்குக் காரணம். மீதிப் பாதி வயரிங். ரப்பரும் துணியும் சுற்றிய வயர் காய்ந்து நொறுங்கியிருக்கும். மொத்தக் காருக்கும் இரண்டே ஃபியூஸ் வைத்த மாடல்களும் உண்டு. சில கார்களில் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். அதைப் பார்க்காமல் பேட்டரி மாட்டாதீர்கள். பேட்டரி அருகே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச், கைக்கு எட்டும் இடத்தில் ஒரு தீயணைப்பான். இந்த இரண்டும் காரின் அழகைக் கெடுக்கும் என்று சொல்பவர்களோடு நான் வாதாடியே தீருவேன்.

ஈயம் கலந்த பெட்ரோல் 1920களில் வந்தது. 2021ல் அல்ஜீரியாவும் நிறுத்தியதோடு அது சாலைக் கார்களுக்கு உலகெங்கும் முடிந்துபோனது. ஈயம் இல்லாத பெட்ரோலில் சில பழைய இன்ஜின்களில் வால்வ் வந்து உட்காரும் விளிம்பான வால்வ் சீட் தேயும். இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைப் பிரிக்கிற நாள் வரும்போது கடினமான சீட் போட்டுக்கொள்ளுங்கள், அதற்காகவே பிரிக்க வேண்டாம். டயரில் பார்க்க வேண்டியது மேல்பட்டையின் தேய்மானத்தை அல்ல, தேதியை. பக்கவாட்டில் 2316 என்று இருந்தால் 2016ன் 23வது வாரத்தில் செய்தது. 10 வருடம் ஆகியிருந்தால் பளபளவென்று இருந்தாலும் கழற்றிவிடுங்கள். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர்.

கடைசியாகத்தான் டிங்கரிங், பெயின்டிங். எல்லோரும் முதலில் தொடுவது இதைத்தான். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும், உலர வைத்துத் தேய்க்காதீர்கள். இரண்டு கூறாகக் கலந்து அடிக்கும் பெயின்டில் ஐசோசயனேட் உண்டு, அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும். அதற்கு வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தரும் முகக்கவசம் வேண்டும், வீட்டு ஷெட்டில் அடிக்கிற பெயின்ட் இல்லை அது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். முழுக்கப் புதுசாக்கியே தீர வேண்டும் என்று இல்லை. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவா, 30 வருடமாவது ஆன, தன் காலத்துக்குப் பொருந்தும் நிலையில் பராமரிக்கப்படுகிற, அன்றாடப் போக்குவரத்துக்கு உபயோகிக்காத வண்டியைத்தான் வரலாற்று வாகனம் என்கிறது. பளபளப்பு அதில் ஒரு நிபந்தனை இல்லை. மதில் சுவரில் உரசிய அந்தக் காரின் பின் சீட்டைத் தூக்கியபோது அடியில் ஒரு வண்ணப் பென்சில் கிடந்தது, முனை முழுக்கப் பல் தடம். உரிமையாளர் பார்த்ததும் “அக்காவுது, எல்லாத்தையும் கடிப்பா” என்றார். சீட் துணியை மாற்றச் சொல்லியிருந்தவர், இருக்கிற துணியையே சுத்தம் செய்து கிழிந்த இடத்தை மட்டும் தைக்கச் சொல்லிவிட்டார். மட்கார்டைத் தட்டி நிமிர்த்தினோம், அதற்கு மட்டும் பெயின்ட். மற்ற இடமெல்லாம் மங்கிய பழைய நிறம்தான். எனக்கு அந்தக் கார் ரொம்பப் பிடிக்கும்.

முடித்த காரைத் துணி போட்டு மூடி வைக்காதீர்கள். லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு வருடந்தோறும் 1905க்கு முன் செய்த கார்கள் ஓடுகின்றன, நூறு வருடத்தைத் தாண்டிய இன்ஜின்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இன்ஜின் முழுச் சூட்டுக்கு வரும்வரை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். சும்மா ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் அணைப்பதால் ஆயிலில் தண்ணீர்தான் சேரும். முன்னால் போகிற வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே நிறைய இடம் விடுங்கள். அவருக்கு டிஸ்க் பிரேக் இருக்கும், உங்களுக்கு டிரம்தான். யாராவது பின்னால் ஹாரன் அடித்தால் ஒதுங்கி வழி விட்டுவிடுங்கள். கண்ணாடியை இறக்கிக்கொண்டு, இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு போகிற அந்தச் சுகத்துக்கு அவசரம் ஆகாது.

வீட்டுக்கு வந்து நிறுத்தியதும் உடனே உள்ளே போகாதீர்கள். நான்கு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் பக்கத்தில் புறங்கையை, தொடாமல், காட்டிப் பாருங்கள். முன் இரண்டும் ஒரே மாதிரி சூடாக இருக்க வேண்டும், பின் இரண்டும் ஒரே மாதிரி. ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒன்று மட்டும் ஆறிக்கிடந்தால் அங்கே பிரேக்கே பிடிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எந்தச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும் என்று தெரிந்துவிடும். அதுவரை சாவி வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.