இடைவேளையில் ஏத்தம்பழம் என்ன செய்கிறது?

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் காலை ஏழரைக்கே பள்ளி வேனில் ஏறிவிடுகிற பிள்ளைகள் உண்டு. அவசரத்தில் விழுங்கிய ஒன்றரை தோசை மதியம் வரை தாங்காது. பெரியவர்களின் உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் சும்மா இருக்கும்போதுகூட உடம்பு செலவிடும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. பிள்ளைகளுக்கு இந்தப் பங்கு இன்னும் அதிகம். குளுக்கோஸைச் சேமித்து வைக்கும் கல்லீரலோ சின்னது. பத்தே முக்காலுக்குப் பசிப்பதில் வியப்பில்லை.

சரி, என்ன கொடுத்துவிடுவது? நம் மாவட்டத்தில் கைக்கெட்டும் பதில் ஏத்தன் வாழை, அதாவது நேந்திரன். ஆனால் அதே வாழை காயாக, பழமாக, சிப்ஸாக வயிற்றுக்குள் போகும்போது மூன்றும் வேறு வேறு பண்டங்கள்.

வீட்டிலேயே பார்க்கலாம். பச்சை ஏத்தங்காய் வில்லையில் ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விடுங்கள், சட்டென்று கருநீலமாகும். அது மாவுச்சத்தின் அடையாளம். நன்றாகக் கனிந்த மட்டிப்பழத்தில் (நம் மாவட்டத்தின் சிறிய வாழைப்பழ வகை) பெரும்பாலும் அயோடினின் பழுப்புதான் நிற்கும். தோல் மஞ்சளாகியும் விறைப்பு போகாத ஏத்தம்பழத்தில் ஆங்காங்கே நீலம் பிடிக்கும். (சோதித்த துண்டு குப்பைக்கு, வாய்க்கு அல்ல.)

காய் பழுக்கும்போது தானே எத்திலீன் வாயுவை உண்டாக்குகிறது. அது தூண்டிவிட்ட நொதிகள் மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்குகின்றன. ஏத்தனில் பழுத்த பிறகும் கொஞ்சம் மாவு மிஞ்சும். வேகாத மாவுமணிகள் நம் செரிமான நொதிகளுக்கு எளிதில் மசியாது. ஆவியில் வைத்தால் அவை நீரை இழுத்து ஊதிக் குழைந்துவிடும், அப்புறம் செரிப்பது சுலபம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டியை அவிக்கத் தேவையில்லாததும், ஏத்தனை இட்லிக் கொப்பரையில் ஏற்றுவதும் இதனால்தான்.

ஆனால் பழத்தை மட்டும் கொடுத்தால் சீக்கிரம் செரித்துவிடும். கூடவே ஒரு பிடி அவித்த நிலக்கடலையோ சிறுபயறோ வையுங்கள். கடலையின் கொழுப்பும் புரதமும், பயறின் நாரும் புரதமும் இரைப்பையிலிருந்து உணவு இறங்கும் வேகத்தைக் குறைக்கும்; ரத்தத்தில் குளுக்கோஸ் நிதானமாக ஏறும். என் ஓட்டு இந்தக் கூட்டணிக்கே.

சிப்ஸ்? எண்ணெயில் போட்டதும் வில்லையைச் சுற்றிச் சடசடவென்று கிளம்பும் குமிழிகள் எல்லாம் நீராவி. நீர் வெளியேறிய இடத்தில் எண்ணெய் புகுகிறது. ஆறிய சிப்ஸின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதுதான். நீர் இல்லாததால் வயிறு நிறைந்ததாகத் தோன்றுவதற்குள் பொட்டலம் காலியாகிவிடும். மென்ற மாவு கடைவாய்ப் பள்ளங்களில் அப்பிக்கொள்வது தனிக் கதை. உமிழ்நீர் அதைச் சர்க்கரையாக உடைக்க, பாக்டீரியா அதை அமிலமாக்கும். வாயின் அமிலகாரக் குறியீடு (pH) 5.5-க்குக் கீழே போனால் பல் எனாமல் கரையத் தொடங்கும். மிட்டாயை மறுக்கிற வீடுகளில்கூட பிஸ்கட், சிப்ஸ் இரண்டையும் யாரும் சந்தேகிப்பதில்லை! தின்ற பிறகு வாய் கொப்பளித்தால் பாதித் தொல்லை குறையும்.

ஒரு எச்சரிக்கை: எல்.கே.ஜி. வயதுப் பிள்ளைகளுக்கு முழுக் கடலை வேண்டாம், தொண்டையில் அடைக்கும். அவர்களுக்குக் குழைய வெந்த சிறுபயறு போதும்.