யூஸ் கேஸ் வரைபடம்: பயன்பாட்டு நேர்வுப் படம்

கோலாலம்பூரிலும் பினாங்கின் பாயான் லெப்பாசிலும் மென்பொருள் துறையில் இருக்கும் தமிழர்கள், ஒரு மென்பொருளை ஒருவர் பயன்படுத்தும் ஒவ்வொரு வகையையும் 'யூஸ் கேஸ்' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். யார் எதற்குப் பயன்படுத்துகிறார் என்று காட்டுவதே யூஸ் கேஸ் வரைபடம். மலாயில் அதற்கு 'கெஸ் குணா' என்று பெயர். இதில் 'குணா' என்றால் பயன்; நம் 'குணம்' வந்த அதே வடமொழி வேர்.

சொல் பிறந்த இடம் சுவீடன். எரிக்சன் நிறுவனத்தில் தொலைபேசி இணைப்பகங்களை வடிவமைத்த ஈவார் யாக்கோப்சன், ஒரு கருவியை மக்கள் எதற்கெல்லாம் பயன்படுத்துவார்கள் என்பதை ஒவ்வொன்றாகப் பிரித்தெழுதி, சுவீடிய மொழியில் 'அன்வேன்ட்னிங்ஸ்ஃபால்' என்றார். 1987-இல் அவர் வெளியிட்ட கட்டுரை வழியாக அது ஆங்கிலத்தில் பரவியது. மென்பொருள் வடிவமைப்பைப் படங்களாக வரைவதற்கான யூஎம்எல் தரநிலையில் 1997-இல் இந்தப் படமும் இடம்பெற்றது.

'கேஸ்' என்றதும் வழக்கு என்று பெயர்த்துவிடக் கூடாது. அதன் லத்தீன் வேருக்கு விழுதல், நேர்தல் என்று பொருள். தமிழக அரசாணைகளில் 'இந்நேர்வில்' என்று எழுதுவார்களே, அந்த 'நேர்வு' இங்கே அச்சாகப் பொருந்துகிறது. ஆகவே பயன்பாட்டு நேர்வு. 'வரைபடம்' நிலப்படத்தையும் குறிப்பதால் 'படம்' என்றே முடிக்கலாம்.

படத்தில் குச்சி மனிதராக நிற்கும் 'ஆக்டர்' நடிகர் அல்லர்; வெளியிலிருந்து மென்பொருளோடு தொடர்புகொள்பவர். அதற்கு நம் இலக்கணத்திலேயே 'வினைமுதல்' இருக்கிறது, அதாவது செயலைச் செய்பவர். ஒரு தொழில் நிகழக் காரணமானவை எட்டு என்கிறது தொல்காப்பியம்; செய்பவர், செயப்படுபொருள், இடம், காலம், கருவி, இன்னாருக்காக, இன்ன பயனுக்காக என்பனவும் அவற்றுள் அடங்கும். மென்பொருள் எழுதுமுன் பயனர்களின் தேவைகளைக் கேட்டறியச் செல்பவர் கேட்க வேண்டிய கேள்விகளும் இவையே!

பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலில் தைப்பூசப் பால்குடத்துக்குப் பதிவுசெய்ய ஒரு செயலி வேண்டும் என வைத்துக்கொள்வோம். ஒரு பெட்டி வரையுங்கள், அதுதான் செயலி. வெளியே இடப்பக்கம் பக்தர், வலப்பக்கம் கோயில் கணக்கர். பணம் பெறும் வங்கிக் கணினியும் வெளியேதான், மனிதரல்லாததும் வினைமுதலாகலாம். பெட்டிக்குள் முட்டை வடிவங்களில் 'பெயர் பதிதல்', 'பணம் செலுத்துதல்', 'வரவு பார்த்தல்' என்று எழுதுங்கள். 'சீட்டு' என்று வெறும் பெயர்ச்சொல்லை எழுதினால் அது நேர்வாகாது. படத்தைக் கோயில் நிர்வாகக் குழுவின் முன் விரித்தால், "பாட்டிக்குப் பேரன்தானே பதிவான்?" என்று யாராவது ஒருவர் கேட்பார். பதிபவரும் பால்குடம் எடுப்பவரும் வேறு வேறு ஆட்கள் என்பது அப்போதுதான் வெளியே வரும். நாற்பது பக்க அறிக்கையில் இந்தக் கேள்வி எழுந்திருக்காது என்றே நினைக்கிறேன். வெளியே இன்னொரு குச்சி மனிதர் சேருவார். 'பெயர் பதிதல்' பேரனிடமிருந்து தொடங்கும்.

எது முதலில், எது பிறகு என்பதை இந்தப் படம் காட்டாது. அதற்குச் செயற்பாட்டுப் படம் தனியாக உண்டு. ஒவ்வொரு முட்டை வடிவத்துக்குள்ளும் நடப்பதை எழுத்தில் படிப்படியாக விவரிப்பதும் வேண்டும். யாக்கோப்சன் பெரிதும் வலியுறுத்தியது அந்த விவரிப்பைத்தான்.