பத்து மணிக்கு ஒளிந்துகொள்ளும் கோளாறு

ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் கூரையில்லாத வாசலில் கார் நிறுத்துகிறவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. காலை ஐந்தரைக்குச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கிறது, எஞ்சினும் பிடித்துக்கொள்கிறது, ஆனால் வண்டி முழுக்க உதறுகிறது. மெக்கானிக்குகள் இதை 'மிஸ்ஸிங்' என்பார்கள். கொஞ்ச நேரம் ஓடினால் தானாகச் சரியாகிவிடும். பத்து மணிக்குப் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினால், "நல்லாத்தானே ஓடுது, என்ன குறை?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

குளிருக்கு அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்வதும் உண்டு. கொடைக்கானலில் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். பெட்ரோல் ஆவியானால்தான் எரியும். எடைக் கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்பது முழுதாக எரிவதற்கான அளவு. எஞ்சின் குளிர்ந்திருந்தால் தெளிக்கப்படும் பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் சுவரில் படிந்துவிடும். அதை ஈடுகட்டத்தான் வண்டியின் கணினி ஆரம்பத்தில் கூடுதலாகத் தெளிக்கிறது. ஆனால் ராமநாதபுரம் கடற்கரையில் மார்கழி விடியலிலும் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். நல்ல எஞ்சினுக்கு இதெல்லாம் ஒரு குளிரே அல்ல. ஐந்தரைக்கும் பத்துக்கும் நடுவே இங்கே பெரிதாக மாறுவது காற்றின் ஈரம். அதோடு கூட்டுச் சேர்வது உப்பு.

அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் கச்சான் காற்றும் வாடைக் காற்றும் கரைக்குத் தூக்கி வருகின்றன. இந்தக் காற்று உலோகத்தை என்ன பாடு படுத்துகிறது என்று அளக்கவே காரைக்குடியில் உள்ள சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) மண்டபத்தில் ஒரு சோதனை நிலையம் வைத்திருக்கிறது. பானெட்டுக்குள் படியும் உப்பு காய்ந்திருக்கும்வரை மின்சாரத்தைக் கடத்தாது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை, 33 சதவீதமே போதும். அடுப்பங்கரை உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிகிறதே, அதே வேலைதான் காருக்குள்ளும் நடக்கிறது. இரவில் குளிர்ந்த உலோகத்தின் மேல் பனியும் இறங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

முதல் அடி, பொறி விட்டுப் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குக்கு. அதன் முனையில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் இடைவெளி. சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவையில் அந்த இடைவெளியைத் தாண்ட 10,000 வோல்ட்டுக்கு மேல் வேண்டும், அழுத்தம் கூடக் கூட இன்னும் அதிகம். வெளியே பீங்கான் மேல் ஈர உப்புப் படலம் இருந்தால் மின்சாரத்துக்கு அதைவிடச் சுலபமான வழி கிடைத்துவிடுகிறது. பொறி உள்ளே விழாமல் வெளியே கசிந்து ஓடும். மூன்று சிலிண்டர் எஞ்சினில் ஒன்று எரியாவிட்டால் ஸ்டியரிங் வரை உதறல் தெரியும். எஞ்சின் சூடேறிப் படலம் காய்ந்ததும் தடயம் அழிந்துவிடும்.

முழுதாக அழியாது என்பதுதான் நமக்கு வாய்ப்பு. பிளக்குக்கு உயர் வோல்ட் கொடுக்கும் காயிலைக் கழற்றி, பிளக்கின் வெள்ளைப் பீங்கானை டார்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மேலிருந்து கீழாகப் பென்சிலால் கிழித்ததுபோல ஒரு கரிக்கோடு இருக்கும். காயிலின் ரப்பர் உறைக்குள்ளும் அதே இடத்தில் அதன் ஜோடிக் கோடு இருக்கும். பிளக்கை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய உறையையே மாட்டுகிறவர்கள் அதிகம். அந்தக் கோடு புது பிளக்கையும் சீக்கிரமே கெடுத்துவிடும். இரண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் சிக்கனம்.

அடுத்தது எர்த் வயர். எஞ்சினிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு வரும் பட்டை, கண்ணுக்குத் தெரியாத மூலையில் பச்சை பூத்து உட்கார்ந்திருக்கும். செல்ஃப் அடிக்கும்போது 150 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தாலே ஒன்றரை வோல்ட் காணாமல் போகும். மல்டிமீட்டரின் ஒரு முனையை நெகட்டிவ் டெர்மினலிலும் மறு முனையை எஞ்சின் உலோகத்திலும் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு இந்த இணைப்பில்தான், பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். நல்ல பேட்டரியைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்கும் வழக்கம் கடைக்காரருக்குத்தான் லாபம்.

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் (கூலன்ட்) சூட்டை அளக்கும் சென்சார் கொஞ்சம் தந்திரமானது. சூடு குறையக் குறைய அதன் மின்தடை ஏறும். அதன் கனெக்டர் பின்களுக்கு நடுவே ஈர உப்பு பாலம் போட்டால் தடை குறைந்து, எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருப்பதாகக் கணினி நம்பிப் பெட்ரோலைக் குறைக்கும். அந்தப் பின்களே அரித்துப்போயிருந்தால் நேர்மாறு: பெட்ரோல் மிஞ்சிக் கரும்புகை வரும். சோதிப்பது சுலபம். இரவெல்லாம் நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல், வண்டிக் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினால் கூலன்ட் வெப்பமும் உள்ளே போகும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இதற்காகவாவது வண்டியை முந்தின நாள் சாயங்காலமே பட்டறையில் விட்டுவிடுவது நல்லது.

உப்புக்குச் சம்பந்தமில்லாத காரணமும் உண்டு. சாவியை ஆன் நிலையில் இரண்டு விநாடி வைத்து, அணைத்து, மறுபடி இரண்டு முறை அப்படியே செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். அப்போது மட்டும் ஒழுங்காக எடுத்தால், இரவில் பெட்ரோல் அழுத்தம் இறங்குகிறது; பம்ப்பின் வால்வையோ பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒழுகுகிறதா என்றோ பார்க்க வேண்டும். டீசல் வண்டியில் பிளக் பொறியே கிடையாது, அங்கே முதல் சந்தேகம், குளிர்ந்த சிலிண்டரைச் சூடேற்றும் க்ளோ பிளக் மேல்.

கனெக்டர்களைக் கான்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்து, காயில் உறையின் உள்விளிம்பில் சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவினால் ஈரம் உள்ளே நுழையாது. தனுஷ்கோடி போய்வந்த வண்டியின் அடிப்பகுதியைக் கழுவ வேண்டும், ஆனால் போர்வெல் தண்ணீரால் வேண்டாம். இந்தக் கரையில் பல இடங்களில் அதுவே உப்புக் கரிக்கும். கழுவிக் காய்ந்ததும் புதிதாக ஒரு படலம் படியும். குடிநீருக்கே குடத்தை வரிசையில் வைக்கிற தெருவில் காவிரித் தண்ணீரில் காரைக் குளிப்பாட்டச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. மழைநீர் பிடித்துவைக்கிறவர்கள் ஒரு வாளியை இதற்கு ஒதுக்கலாம். பானெட்டுக்குள் மட்டும் ஈரத் துணியால் துடைத்தால் போதும், பிரஷர் பம்ப் வைத்து அடிக்க வேண்டாம்.